தையல் இல்லாத சம்படம்

அரிசிச் சம்படத்தைக் காலி செய்து துடைக்கும்போது அதன் வெளிப்புறத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் ஒட்டு தட்டுப்படாது. சுவர் எங்கே முடிந்து அடிப்பாகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. விளிம்பிலிருந்து அடிவரை ஒரே தகடு. அந்தத் தகடு உருக்காலையிலிருந்து புறப்பட்டபோது அதில் ஒரு குழிவுகூட இல்லை. முழுக்கத் தட்டையாக இருந்தது.

வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்றைக் கிண்ணத்துக்குள் வைத்து அழுத்தினால் விளிம்பு முழுவதும் புடவைக் கொசுவம்போல் மடிப்பு விழும். எவ்வளவு நீவினாலும் போகாது. காகிதத்துக்கு முடியாத இந்தக் காரியம், அதைவிட எத்தனையோ மடங்கு உறுதியான எவர்சில்வருக்கு முடிந்திருக்கிறது. உலோகம் எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் வீட்டுக்குள் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 15 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள சம்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடியின் பரப்பையும் சுவரின் பரப்பையும் கூட்டினால், அதைச் செய்யச் சுமார் 28.7 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு வேண்டும். பட்டறையில் அதற்குப் பெயர் ‘சர்க்கிள்’. அந்தச் சர்க்கிளின் சுற்றளவு 90 செ.மீ. சம்படமாகி நிற்கும்போது அதே விளிம்பின் சுற்றளவு வெறும் 47 செ.மீ. நடுவில் காணாமற்போன 43 செ.மீ. எங்கே? யாரும் வெட்டி எடுக்கவில்லை, மடித்துச் செருகவும் இல்லை. பக்கவாட்டில் நெருக்கப்பட்ட உலோகம் உயரமாக நீண்டு, விளிம்பில் கொஞ்சம் தடிமனாகவும் ஆகிவிட்டது. உருகாமலேயே, திடப்பொருளாக இருந்தபடியே ஓடியிருக்கிறது.

உலோகம் என்பது அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட படிகங்களின் கூட்டம். அந்த அடுக்கு எங்கும் ஒழுங்காக இருப்பதில்லை. ஆங்காங்கே ஒரு வரிசை பாதி வழியில் நின்றுபோயிருக்கும். தகட்டை இழுக்கும்போது இந்தப் பிசகுகள்தான் நகர்கின்றன. ஒரு வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் பிய்த்துக்கொண்டு நகர வேண்டுமானால் பெரும்விசை தேவைப்படும். பிசகோ ஓரணு ஓரணுவாக இடம் மாறிக்கொண்டு போய்விடுகிறது. ஒரு பிணைப்பு விடுபடும், பக்கத்து அணுவோடு புதிய பிணைப்பு சேரும். இதை 1934-ல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியாக முன்வைத்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகக் கன்னார்கள் சுத்தியலால் அறிந்திருந்ததற்கு அப்போதுதான் அணுக்கணக்கில் விளக்கம் கிடைத்தது.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. நகரும்போது பிசகுகள் பெருகுகின்றன. நன்றாகச் சூடேற்றி ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர செ.மீ. குறுக்குப் பரப்பை 10 லட்சம் பிசகுகள் கடந்துபோகும் என்றால், கடுமையாக இழுத்து அடித்த உலோகத்தில் அந்த எண்ணிக்கை பத்தாயிரம் கோடியைத் தாண்டும். அவை ஒன்றன் வழியில் ஒன்று நின்று சிக்கிக்கொள்ளும். உலோகம் இறுகும், மேலும் இழுத்தால் கிழியும். கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முதலில் விறைத்து, பிறகு முறிவதற்கும் இதுவே காரணம். பட்டதையெல்லாம் உலோகம் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது. பாத்திரத் தொழிலின் நுணுக்கம் முழுவதும் அந்தப் பதிவை எங்கே வளர்ப்பது, எங்கே அழிப்பது என்பதில்தான் இருக்கிறது.

பிரஸ்ஸில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எண்ணெயோ சோப்புக் குழம்போ தடவிய சர்க்கிளை, நடுவில் வட்டத் துளையுள்ள ‘டை’யின் மேல் வைக்கிறார்கள். ஒரு வளையம் வந்து விளிம்பை அழுத்திப் பிடிக்கிறது. பிறகு மேலிருந்து ‘பஞ்ச்’ இறங்கித் தகட்டைத் துளைக்குள் தள்ளுகிறது. வளையத்தின் பிடி தளர்வாக இருந்தால் விளிம்பில் சுருக்கம் விழும். பிடி இறுகினால் தகடு உள்ளே போக மறுத்து, அடியும் சுவரும் சந்திக்கும் வளைவுக்கு அருகே கிழிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில் வேலை நடக்க வேண்டும். எண்ணெய் சரியாகப் பரவாத சிறு பட்டை ஒன்று போதும், சர்க்கிள் பாழாக.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சர்க்கிளின் விட்டம் பஞ்சின் விட்டத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குள் இருந்தால்தான் ஒரே இழுப்பில் வரும். மேலே சொன்ன சின்னச் சம்படத்துக்கு 1.9 மடங்கு, வந்துவிடும். 20 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள சம்படத்துக்கோ 44.7 செ.மீ. சர்க்கிள் வேண்டும், அது 2.2 மடங்கு. ஆகவே முதலில் அகலமான குட்டைக் கிண்ணமாக இழுத்து, பிறகு அதையே இன்னும் ஒடுக்கமான டையில் மறுபடி இழுக்கிறார்கள். இழுத்து முடித்த பாத்திரத்தின் வாய் நேராக இருக்காது. நான்கு இடங்களில் மேடாக எழும்பியிருக்கும். ஆலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கியபோது படிகங்கள் ஒரு திசை நோக்கித் திரும்பிவிட்டதன் விளைவு அது. அந்த மேடுகளைச் சீவி எறிந்துவிடுவதால் கடைக்கு வரும் சம்படத்தில் அந்தத் தடயம் இருப்பதில்லை.

வேறொரு தடயம் இருக்கும். அதைக் காட்டச் சின்னக் காந்தம் ஒன்று போதும். நிக்கல் கலந்த நல்ல எவர்சில்வர் சம்படத்தின் அடிப்பாக நடுவில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. அப்படியே சுவர்வழியாக மேலே கொண்டுபோய் விளிம்பருகே வையுங்கள். பல சம்படங்களில் மெல்லப் பற்றும். ஒரே தகடு, ஒரே கலவை. ஆனால் இரண்டு குணம். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட இந்த எஃகின் அணு அடுக்கு காந்தத்துக்கு இசையாதது. பலமாக நெருக்கப்படும்போது அந்த அடுக்கின் ஒரு பகுதி சரிந்து, காந்தத்துக்கு இசையும் வேறோர் அடுக்காக மாறுகிறது. அடிப்பாகம் பஞ்சின் கீழ் அதிகம் அசையாமல் இருந்தது. விளிம்போ 90 செ.மீ.யிலிருந்து 47 செ.மீ.க்கு நெருங்கி வந்தது. எந்த இடம் எவ்வளவு பட்டது என்பதைக் காந்தம் சொல்லிவிடுகிறது.

கடைகளில் காந்தத்தை வைத்துத் தரம் பார்ப்பவர்கள் உண்டு. அதை நம்பிப் பொருள் வாங்குவது சரியல்ல. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. நிக்கலே இல்லாத 430 வகையில் நன்றாக ஒட்டும். ஆனாலும் உலர்ந்த பண்டம் வைக்க அது நல்ல எஃகுதான்.

இறுகிப்போன தகட்டை மறுபடி இளக்கச் சூளை வேண்டும். 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றி வேகமாக ஆறவிடும்போது சிக்கிய பிசகுகள் கலைந்து புதிய படிகங்கள் பிறக்கின்றன. சரிந்த அடுக்கும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அப்போது அதே விளிம்பில் காந்தம் ஒட்டாது. பட்டறை மொழியில் இது ‘அனீலிங்’. இழுத்த உலோகத்தின் இறுக்கத்தைச் சூட்டால் தளர்த்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளும் சம்படம்போலவே தகட்டிலிருந்து ஆழமாக இழுத்துச் செய்யப்பட்டவை. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த உறைகள் யாரும் தொடாமலேயே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், காற்றின் ஈரமும், இழுத்தபோது உறைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் காரணத்தைத் தெளிவாக்கினார்கள். தீர்வு எளிமையானது: உறைகளை மிதமாகச் சூடேற்றி அந்த உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவது.

மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகிலும் இந்த விரிசலின் தம்பி ஒருவன் உண்டு. ஆழமாக இழுத்த பாத்திரம் பிரஸ்ஸைவிட்டு முழுசாக வெளியே வரும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து, வைத்த இடத்திலேயே விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிளக்கும். நெருக்கத்தில் பிறந்த அந்தப் புதிய அடுக்கும், உள்ளிறுக்கமும், எஃகில் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு ஹைட்ரஜனும் கூடினால் இந்தப் பிளவு நேர்கிறது. கலவையில் சிறிது செம்பு சேர்த்தால் பழைய அடுக்கு எளிதில் சரியாது. பாத்திரத் தகடுகளில் செம்பு கலப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சம்படத்துக்கு ஒரே தகடு போதும். குடத்துக்குப் போதாது. வாய் ஒடுங்கி வயிறு பெருத்த பாத்திரத்துக்குள் இறங்கிய பஞ்சை வெளியே எடுக்க வழியில்லை. அதனால் குடத்தைப் பகுதி பகுதியாகச் செய்து இணைக்க வேண்டும். கையால் அடித்துச் செய்யும் வழியும் உண்டு. பஞ்சாபில் ஜண்டியாலா குரு என்ற ஊரின் தட்டேரா கன்னார்கள் செம்பையும் பித்தளையையும் கையால் அடித்துப் பாத்திரம் செய்யும் முறையை 2014-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கையால் அடித்த குடத்தின் மேல் வரிசையாகத் தெரியும் சுத்தியல் குழிகளை வெறும் அழகு என்று நினைத்துவிட வேண்டாம். உருவம் வரும்வரை அடிப்பதும் உலையில் காட்டி இளக்குவதும் மாறி மாறி நடக்கும். கடைசிச் சுற்றில் அடித்த பிறகு சூடு காட்டமாட்டார்கள். அந்த இறுகல் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த குடம் இடுப்பில் நசுங்கும்.

பரணில் பழைய செம்புப் பானையோ அண்டாவோ கிடந்தால் இறக்கிப் பாருங்கள். சுவரிலோ அடிப்பாகத்தைச் சுற்றியோ பல் பல்லாக ஒரு மஞ்சள் கோடு ஓடலாம். இரண்டு விளிம்புகளிலும் பற்கள் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, அடித்துச் சமமாக்கிப் பற்றவைத்த இடம் அது. நேர்க்கோட்டு இணைப்பைவிட நீளம் கூடுவதால் பிடிமானமும் கூடும். பற்றவைக்கத் துத்தநாகம் அதிகமுள்ள பித்தளைத் தூளையும் வெண்காரத்தையும் குழைத்து வைப்பார்கள். வெண்காரம் சுமார் 743 டிகிரியில் உருகி, உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடைக் கரைத்து வழி துடைக்கும். அடுத்துப் பித்தளைத் தூள் உருகி இடுக்குக்குள் தானே ஏறும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும் என்பதால் பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது. வெப்பமானி இல்லாமல், நெருப்பின் நிறத்தையும் உலோகத்தின் நிறத்தையும் மட்டுமே பார்த்து இதைச் செய்தார்கள். எனக்கு இன்றும் வியப்பு அடங்காத இடம் இதுதான்.

எவர்சில்வர் குடத்தின் பகுதிகளை இன்று மின்வில்லால் இணைக்கிறார்கள். குரோமியம் சூட்டில் ஆக்சிஜனை உடனே பிடித்துக்கொள்ளும் என்பதால் ஆர்கான் வாயுவை அந்த இடத்தில் ஊதிக் காற்றை விலக்குகிறார்கள். பிறகு இணைப்பைத் தேய்த்து மெருகேற்றினால் ஒட்டு கண்ணுக்கே தெரியாமல் போகும். கைப்பிடிக்கு வேறு வழி: ஸ்பாட் வெல்டிங். இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே கைப்பிடியையும் சுவரையும் வைத்து அழுத்தி, கண்ணிமைக்கும் நேரம் சில ஆயிரம் ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்துவார்கள். எவர்சில்வரின் மின்தடை செம்பைப்போல் சுமார் 40 மடங்கு. அதனால் தகடுகள் சந்திக்கும் இடம் உருகி ஒன்றாகிறது; செம்பு முனை உருகுவதில்லை. தூக்குவாளியின் பிடியருகே உள்பக்கம் தெரியும் வட்டத் தழும்பு இந்த மின்சாரம் பாய்ந்த இடம். அலுமினியம் மின்சாரத்தையும் வெப்பத்தையும் எளிதில் கடத்திவிடுவதால் அதை இப்படி ஒட்டுவது கடினம். அலுமினியப் பாத்திரத்தின் காதுகள் பெரும்பாலும் ஆணி அடித்து இறுக்கப்பட்டிருப்பது அதனால்தான்.

தகட்டின் தடிமனைக் கடையில் ‘கேஜ்’ என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 22 கேஜ் 0.71 மி.மீ., 26 கேஜ் 0.46 மி.மீ. ஒரு தட்டைத் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், இந்த இரண்டுக்கும் நடுவே விறைப்பில் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கும். ஆனால் தடிமன் கூடினால் எடையும் விலையும் கூடும். ஆகவே உருவத்திலேயே விறைப்பைச் சம்பாதிக்கிறார்கள். வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டிய விளிம்பு, சுவரில் ஓடும் வரி, உள்நோக்கி மெல்லக் குவிந்த அடி எல்லாமே இந்தக் கணக்கில் வருபவை. அடிப்பாகம் முழுத் தட்டையாக இருந்திருந்தால் சிறிது பிதுங்கினாலும் சம்படம் தரையில் ஆடும்.

பாத்திரத்துக்கு மெருகு வருவது கடைசியில். எமரித் தூள் ஒட்டிய சக்கரத்தில் தொடங்கி, துணிச் சக்கரத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முந்திய கீறலைவிடச் சிறிய கீறல் விழும். கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாகும்போது முகம் தெரியும். கடைசிப் பூச்சான பச்சைக் கட்டியில் இருப்பது குரோமியம் ஆக்சைடு. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பதும் குரோமியத்தின் ஆக்சைடுப் படலந்தான். தடிமன் சில நானோமீட்டர். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு அமிலத்துக்கு அசையாமல் நின்றதைக் கண்டார். அதற்குக் காரணம் இந்தப் படலமே. கீறினால் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் கருவி நம் ஊர் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறைவரை குத்துகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் படலம் உடைந்து, அடுத்த கணமே புதிதாக உருவாகிறது. அதனால்தான் பாட்டி காலத்து எவர்சில்வரில் வெட்டிய பெயர் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

இந்தப் பளபளப்புக்கு ஒருவர் மூச்சால் விலை கொடுக்கிறார். பாலிஷ் பட்டறையில் எமரித் தூளும் உலோகத் தூளும் பஞ்சு இழையும் கலந்த கரும்புழுதி பறக்கும். வேலை முடிந்து வெளியே வருபவரின் முகத்தில் கண் மட்டுமே தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் புழுதியை உறிஞ்சும் குழாயும் நல்ல முகக்கவசமும் புதிய தொழில்நுட்பம் ஒன்றுமல்ல. அவை இல்லாத பட்டறை இயங்க அனுமதிக்கக் கூடாது.

அடுத்த முறை பாத்திரக் கடைக்குப் போகும்போது பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் விளிம்பைத் தடவுங்கள்; சுருட்டல் முழுமையாக மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரமும் அழுக்கும் உள்ளே தங்கும். கைப்பிடி ஒட்டிய இடத்தைச் சுற்றி நிறம் மாறியிருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். சரியாகத் துப்புரவு செய்யாத அந்த இடத்தில்தான் முதல் பழுப்புப் புள்ளி வரும். காந்தத்தை விட்டுவிட்டு, தகட்டின் வகை எண்ணைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டில் இரும்புக் கம்பிச்சுருளால் தேய்க்காதீர்கள். அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். உப்பை எவர்சில்வர் டப்பாவில் வைக்க வேண்டாம். ஈரம் பட்ட உப்பிலுள்ள குளோரைடு எவர்சில்வரைக் காக்கும் ஆக்சைடுப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். அந்தத் துளைக்குள் படலம் மறுபடி உருவாக முடியாமல் குழி ஆழமாகிக்கொண்டே போகும். உப்புக்குப் பீங்கான் ஜாடியே சரி.